லவ் பேர்ட்ஸ் கூண்டு வாங்கப் போகிறீர்களா? கையோடு ஒரு கடிகார பேட்டரியும் எடுத்துப் போங்கள்

கடையில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பட்ஜி என்கிற சின்னக் கிளிதான். நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. உடம்பு குண்டு, வால் குட்டை. நம் வீடுகளில் கீச்சிடும் பட்ஜி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. எடை 30, 40 கிராம்தான். பெயரில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன். ‘லவ் பேர்ட்ஸ் கூண்டு’ என்று ஒட்டியிருந்த சீட்டை நம்பி முதல் கூண்டை வாங்கினேன். கோபுரம் மாதிரி மேலே குவிந்த கூரை, தங்கக் கலர் கம்பி, பார்க்க அரண்மனை.

மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் போனது. இருட்டில் படபடவென்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் எங்கள் பட்ஜி சிட்டுவின் தலை கம்பிக்கு வெளியே, உடம்பு உள்ளே. பின்னால் தள்ளினால் தாடை இடிக்கிறது, முன்னால் இழுக்க மனசு வரவில்லை. எதிர்வீட்டு அண்ணன் கட்டிங் பிளேயரோடு வந்து இரண்டு கம்பியை வளைத்து விட்டபிறகுதான் அதற்கும் மூச்சு வந்தது, எனக்கும் வந்தது. மறுநாள் ஸ்கேல் வைத்து அளந்தேன். கம்பிக்கும் கம்பிக்கும் முக்கால் அங்குலம்!

1. முதலில் கம்பி இடைவெளி

எல்லோரும் அளவைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் இடைவெளியைத்தான் பார்ப்பேன். பட்ஜிக்கு அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீட்டர் சொச்சம். அதற்கு மேல் வேண்டாம்.

கடையில் ஸ்கேல் நீட்டிக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருந்தால் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதன் தடிமன் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். அது கம்பிக்குள் நுழைந்தால் அந்தக் கூண்டு நமக்கு ஆகாது. நுழையவில்லை என்றால் அப்புறம் ஸ்கேலில் அளந்து உறுதி செய்யலாம்.

முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கதவின் ஓரம், தீனிக் கிண்ணம் மாட்டும் சின்னக் கதவு, கீழ்த்தட்டு சேரும் இடம், கூரை என்று எல்லா இடத்திலும் பேட்டரியை நுழைத்துப் பாருங்கள். கோபுரக் கூரையில் கம்பிகள் கீழே அகன்றும் மேலே நெருங்கியும் இருக்கும். அகன்ற இடத்தில் தலை மாட்டும், நெருங்கிய இடத்தில் கால்விரல் மாட்டும். கம்பியை விரலால் அழுத்தியும் பாருங்கள். வளைந்து கொடுத்தால் இன்று அரை அங்குலமாக இருப்பது ஆறு மாதத்தில் முக்கால் ஆகிவிடும்.

கடைக்காரர் “இதை எடுங்க, பின்னாடி பச்சைக்கிளிக்கும் ஆகும்” என்பார். என்னிடமும் சொன்னார்கள். பச்சைக்கிளிக்கு ஆகும் இடைவெளி பட்ஜிக்கு ஆகாது. தவிர, 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை வீட்டில் அடைத்து வளர்ப்பதே குற்றம். பட்ஜி வெளிநாட்டுப் பறவை என்பதால் அந்தத் தடை இதற்கு இல்லை.

2. உயரம் வேண்டாம், நீளம் வேண்டும்

பட்ஜி ஹெலிகாப்டர் போல மேலே கிளம்பாது, பக்கவாட்டில் பறக்கும். அதனால் ஒல்லியாக உயர்ந்த கூண்டில் மேல் பாதியோ கீழ் பாதியோ வீண்தான். ஒற்றைப் பறவை என்றால் எல்லாப் பக்கமும் குறைந்தது ஒன்றரை அடி. ஜோடிக்கு நீளம் இரண்டரை அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. சிறகை முழுக்க விரித்தால் கிட்டத்தட்ட ஒரு அடி வரும். அகலம் அதைவிடக் குறைந்தால் சிறகு கம்பியில் உரசும்.

வட்டக் கூண்டு வேண்டவே வேண்டாம். பயந்தால் ஒதுங்க அதில் மூலையே இல்லை. நான்கு பக்கத்தில் இரண்டிலாவது கம்பி படுக்கைவாட்டில் ஓடினால் நல்லது. அலகால் பிடித்து ஏணி மாதிரி ஏறும், பார்க்கவே அழகாக இருக்கும்.

3. எந்தக் கம்பி

கையில் காசு இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இல்லையா, பவுடர் கோட்டிங் போட்டது. நான் இரண்டாவதாக வாங்கியது அதுதான், இன்றுவரை குறை இல்லை. பெயின்ட் உரிந்த பழைய கூண்டு சும்மா கிடைத்தாலும் வாங்காதீர்கள். நாள் முழுக்க கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும் ஜீவன் அது.

4. உள்ளே இருப்பதில் பாதியைக் கழற்றுங்கள்

கூண்டோடு வரும் வழவழ பிளாஸ்டிக் குச்சிகளை நான் அன்றே தூக்கிப் போட்டேன். ஒரே தடிமனில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பாதத்தில் புண் வரும். பதிலுக்குக் கொய்யாக் கிளை. விரல் தடிமனில் ஒன்று, கொஞ்சம் மெல்லியதாக ஒன்று. மருந்தடிக்காத மரமா என்று கேட்டு வெட்டி, கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். அரளிக் கிளை மட்டும் கூடாது, விஷம். தீனிக்கும் தண்ணீருக்கும் நேர் மேலே குச்சி வைத்தால் எச்சம் எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூண்டுக்குள் தொங்கும் மண்பானையையும் கழற்றிவிடுங்கள். அது முட்டையிடத்தான்; தூங்குவதற்குப் பானை தேவையில்லை. ஜோடி வைத்திருப்பவர்கள் பானையையும் மாட்டிவிட்டு, குஞ்சுகளை யார் தலையில் கட்டுவது என்று பிறகு முழிக்கிறார்கள்.

5. எங்கே வைப்பது

கண் மட்டத்தில், ஒரு பக்கம் சுவர் ஒட்டி. சமையலறை கூடாது. நான்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நம் மூக்குக்குத் தெரியாது, பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் வேறு அறையில். பால்கனி என்றால் பாதிக் கூண்டாவது எப்போதும் நிழலில் இருக்க வேண்டும். காக்கையும் பூனையும் வந்து போகிற பால்கனியில் ராத்திரி விடாதீர்கள்.

பின்குறிப்பு: கேள்விகள் வந்தபிறகு சேர்த்தது

“அக்கா, தினைக்கு எறும்பு மொய்க்குது, சாக்பீஸ் போடலாமா?” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எறும்பு சாக்பீஸ் பூச்சிமருந்து, கூண்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஸ்டாண்டின் கால் ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். கொசு முட்டையிடாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

வெல்டு மெஷ் என்கிற கம்பி வலை வாங்கி வீட்டிலேயே கூண்டு கட்டுவதாக இரண்டு பேர் எழுதினார்கள். அந்த வலையின் ஜிஐ கம்பிக்கு மேலே துத்தநாகப் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டித் தின்றால் நஞ்சு. வினிகர் தொட்டு வயர் பிரஷால் நன்றாகத் தேய்த்து, அலசி, வெயிலில் காயவைத்தால் ஆபத்து குறையும். முழுக்கப் போய்விடாது, அதனால் நான் கட்டமாட்டேன்.

இன்னொருவருடையது மேலே தூக்கித் திறக்கும் கதவு. அதை அலகால் தூக்கிவிட்டு அவர் பட்ஜி பறந்தே போய்விட்டதாம். எங்கள் சிட்டுவும் இந்த வாரம் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது ஒவ்வொரு கதவிலும் ஒரு துணி கிளிப் மாட்டியிருக்கிறேன். நேற்றிலிருந்து அது கிளிப்பின் ஸ்பிரிங்கை ஆராய்ந்துகொண்டிருக்கிறது.