அலுவலகச் சர்வரில் சில நேரங்களில் மட்டும் உள்நுழைய முடியாவிட்டால் எங்கே தேடுவது?

எங்கள் அலுவலகத்தின் விண்டோஸ் கணினிகள் அனைத்தும் ஒரே டொமைனில் (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் குழுவில்) உள்ளன. வாரத்தில் இரண்டு மூன்று முறை, உள்நுழைவுக்குச் சர்வர் எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தி யாராவது ஒருவரின் திரையில் தோன்றும். கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். காரணத்தைக் கண்டுபிடித்த வழியை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், விண்டோஸின் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் நெட்லாகான் (உள்நுழைவுச் சேவை) 5719 என்ற பிழையைத் தேடுங்கள். கணினி தொடங்கிய உடனே மட்டும் அது வந்திருந்தால், நெட்வொர்க் அட்டை தயாராகத் தாமதமானது காரணமாக இருக்கலாம். பகலின் நடுவிலும் வந்திருந்தால் தொடர்ந்து படியுங்கள். விண்டோஸ் இயல்பாகக் கடைசி 10 பயனர்களின் உள்நுழைவு விவரங்களைக் கணினியிலேயே சேமித்து வைப்பதால், டொமைன் கன்ட்ரோலரை (உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வரை) எட்ட முடியாத நேரத்திலும் அவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். ஆகவே "பகிர்வுக் கோப்புறை திறக்கவில்லை" என்று வரும் புகாரையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாகக் கடிகாரம். கணினிக்கும் சர்வருக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் டொமைனின் அடையாளச் சரிபார்ப்பு முறையான கெர்பரோஸ் அனுமதி மறுக்கும். இதை முடித்துவிட்டு, சர்வரின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ்ஸுக்கு வாருங்கள்.

நான் பல நாட்களை இழந்தது இங்கேதான். எங்கள் கணினிகளில் முதல் டிஎன்எஸ் முகவரியாக டொமைன் கன்ட்ரோலரும், இரண்டாவதாக 8.8.8.8 என்ற கூகுளின் பொது முகவரியும் இருந்தன. முதலாவது பழுதானால் இணையமாவது ஓடட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. ஆனால் முதல் சர்வர் ஒருமுறை பதில் தரத் தாமதித்தாலும் விண்டோஸ் இரண்டாவதிடம் கேட்கும். பொதுச் சர்வருக்கு நம் உள் டொமைனின் பெயர் தெரியாது; "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று அது சொல்வதை விண்டோஸ் முறையான பதிலாக ஏற்றுக்கொண்டு, தேடலை அங்கேயே முடித்துவிடும். பிழை விட்டு விட்டு வந்ததற்குக் காரணம் இதுவே.

டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் என்எஸ்லுக்அப் கட்டளை இதை எனக்குக் காட்டவில்லை, ஏனெனில் அது பட்டியலின் முதல் சர்வரிடம் நேரடியாகக் கேட்கிறது. விண்டோஸின் தற்காலிக நினைவை அது பார்ப்பதே இல்லை. பவர்ஷெல்லின் ரிசால்வ்-டிஎன்எஸ்நேம் கட்டளையையே நான் பரிந்துரைப்பேன். அது மற்றச் செயலிகளைப் போல விண்டோஸின் வழியாகவே கேட்பதால், பயனர் படும் சிக்கலை அப்படியே காட்டுகிறது.

தீர்வு எளியது. கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரில் 006 என்ற அமைப்பில் உள் டிஎன்எஸ் முகவரிகளை மட்டும் வையுங்கள். கையால் முகவரி இட்ட கணினிகளையும் தேடித் திருத்துங்கள். பொது முகவரியை உள் டிஎன்எஸ் சர்வரின் ஃபார்வர்டர் பட்டியலில் (தனக்குத் தெரியாத பெயர்களை அது கேட்கும் சர்வர்களின் பட்டியலில்) சேர்த்தால் இணையப் பெயர்களை அந்தச் சர்வரே கேட்டுத் தரும். ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலர்தான் உள்ளது என்றால் இரண்டாவது டிஎன்எஸ் முகவரிக்கான இடத்தைக் காலியாக விடுங்கள். மாற்று வேண்டுமானால் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலரை நிறுவுவதே சரியான வழி. பிறகு ஒவ்வொரு கணினியிலும் டிஎன்எஸ் தற்காலிக நினைவை அழித்துவிடுங்கள்.

ஒரே கணினி மட்டும் இன்னமும் அடம்பிடித்தால், அவசரப்பட்டு அதை டொமைனிலிருந்து நீக்கிச் சேர்க்காதீர்கள். கணினிக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கைத் தொடர்பைச் சோதிக்கும் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் என்ற பவர்ஷெல் கட்டளை பொய் (False) என்று பதில் தந்தால், அதையே ரிப்பேர் என்ற சேர்க்கையுடன் இயக்கினால் பெரும்பாலும் போதும்.

பிற்சேர்க்கை: இவை அனைத்தையும் செய்தும் பிழை தொடர்வதாக வாசகர் ஒருவர் எழுதினார். அவருடைய அலுவலக ரவுட்டர், ஐபிவி4-க்குப் பின் வந்த முகவரி முறையான ஐபிவி6 வழியாகத் தன்னையே டிஎன்எஸ் சர்வராக அறிவித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் ஐபிவி4 அமைப்பை மட்டுமே பார்த்திருந்தோம். ஐபிகான்ஃபிக் கட்டளை காட்டும் முழுப் பட்டியலில் டிஎன்எஸ் வரிசையில் ஐபிவி6 முகவரி தெரிந்தால், ரவுட்டரில் அந்த அறிவிப்பை மட்டும் நிறுத்துங்கள். கணினிகளில் ஐபிவி6-ஐ முற்றாக முடக்குவதை மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பதில்லை.