இடது கை வேலை செய்தால் நெஞ்சு வலி: பைபாஸுக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைபாஸ் அறுவையில் இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயான எல்.ஏ.டி.யோடு பெரும்பாலும் இடது உள் மார்புத் தமனியை இணைப்பார்கள். பொதுவாக அதன் கீழ் முனையை மட்டும் வெட்டுவார்கள். மேல் முனை, இடது கைக்கு ரத்தம் கொண்டுபோகும் சப்கிளேவியன் தமனியிலேயே இருக்கும். அந்த மார்புத் தமனி கிளையாகப் பிரியும் இடத்துக்கு முன்னால் சப்கிளேவியன் சுருங்கிவிட்டால் சிக்கல்தான். கை உழைக்கும்போது தசைகளின் ரத்தக்குழாய்கள் விரியும், அழுத்தம் குறையும். இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தம் கிராஃப்ட் (இதயத்தோடு இணைத்த அந்த மார்புத் தமனி) வழியாகத் திரும்பிக் கைக்கு ஓடும். அறுவை முடிந்து பல வருடம் கழித்தும் இது வரும். புகைபிடித்தவர்கள், கால் ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பெரிய தவறு, ஒரே கையில் பிரஷர் பார்ப்பது. வலது கையில் மட்டும் பார்த்தால் சுருக்கம் தெரியவே தெரியாது. இடது கையில் மட்டும் பார்ப்பது அதைவிட மோசம்: உண்மையில் 150 இருக்கும், மெஷின் 115 காட்டும், பிரஷர் கட்டுக்குள் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, ஒரே பட்டையால் இரண்டு கையிலும் அடுத்தடுத்துப் பாருங்கள். பிறகு மறுபடி ஒரு முறை. மேல் அளவில் 15 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால் இதய மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவை முடிவுசெய்ய, அதிகமாகக் காட்டும் கையையே கணக்கில் எடுக்க வேண்டும்.

துணி பிழியும்போதும், பாரம் தூக்கும்போதும் வரும் நெஞ்சு வலியை “தையல் வலி” என்று ஒதுக்குவது அடுத்த தவறு. இடது கை சீக்கிரம் சோர்வது, சில்லிடுவது, தலைசுற்றல் எல்லாம் கூடவே வரலாம். ட்ரெட்மில் பரிசோதனை நார்மலாக வந்தாலும் நம்பி இருந்துவிடக் கூடாது. அதில் உழைப்பது கால்தான். எந்த வேலையில், எந்தக் கையை அசைத்தால் வலிக்கிறது என்று மருத்துவரிடம் பிரித்துச் சொல்லுங்கள்.

ஆஞ்சியோகிராமில் கிராஃப்டுக்குள் மட்டும் சாயம் செலுத்தி “அடைப்பில்லை” என்று முடித்துவிடுவதும் உண்டு. சப்கிளேவியனின் தொடக்கத்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

டயாலிசிஸ் தேவைப்படுவோருக்கு இந்தக் கிராஃப்ட் இருக்கும்போது இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) போட்டால், அதுவும் இதய ரத்தத்தை இழுக்கலாம். பைபாஸ் ஆனதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுருக்கத்தைப் பெரும்பாலும் ஸ்டென்ட் வைத்தே சரிசெய்வார்கள். முடியாதபோது கழுத்துத் தமனியிலிருந்து கைத் தமனிக்குத் தனி பைபாஸ். ஸ்டென்டும் மறுபடி சுருங்கலாம் என்பதால் இரு கைப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். ஓய்விலும் அடங்காத நெஞ்சு வலி என்றால் பிரஷர் மெஷினைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.