லினக்ஸ் சர்வரில் பயனர் அனுமதி: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சென்ற மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவரிடம், வேலையை விட்டு விலகிய ஒருவருடைய கணக்கை மூடும் பணியை ஒப்படைத்தேன். இரண்டே நிமிடங்களில் திரும்பி வந்து, “லாக் செய்துவிட்டேன் சார்” என்றார். அவர் இட்ட கட்டளை எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே கட்டளையை இட்டுவிட்டு, அதே நிம்மதியோடு தேநீர் குடிக்கப் போனவன்தான். அன்று அவரிடம் சொன்னவற்றையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன். எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கில் நேரடியாக நுழைய விடுவது, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் வைப்பது, கண்ட கோப்புக்கெல்லாம், யாரும் படிக்கவும் திருத்தவும் ஓட்டவும் விடும் 777 கொடுப்பது ஆகியவற்றை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அவை தவறு என்பது செய்கிறவர்களுக்கே தெரியும். செய்து முடித்தபின் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும் தவறுகளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடவுச்சொல்லைப் பூட்டிவிட்டுக் கணக்கை மூடியதாக நினைப்பது

‘பாஸ்வேர்ட்’ கட்டளையோடு ‘எல்’ என்ற தெரிவைச் சேர்த்து இட்டால் நடப்பது மிகச் சிறிய காரியம். எட்சி கோப்புறையிலுள்ள ஷேடோ கோப்பில், அந்தப் பயனருக்குரிய வரியின் இரண்டாம் புலத்தில் கடவுச்சொல்லின் ஹாஷ் (அதிலிருந்து கணிக்கப்பட்ட, திருப்ப முடியாத குறியீடு) இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வியப்புக்குறி ஒட்டப்படுகிறது. எந்தக் கடவுச்சொல்லை ஹாஷ் செய்தாலும் வியப்புக்குறியில் தொடங்கும் விடை வராது என்பதால், கடவுச்சொல்லைக் கொடுத்து இனி நுழைய முடியாது. ஆனால் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கான சாவியைக் கொண்டு வருகிறவரிடம் யாரும் கடவுச்சொல் கேட்பதே இல்லை. அவருடைய பொதுச்சாவி ‘ஆதரைஸ்டு கீஸ்’ கோப்பில் இருக்கிறதா என்றுதான் பார்க்கப்படுகிறது. அதன்பின், நுழைவுச் சோதனைகளை நடத்தும் பேம் அடுக்கு கணக்கின் நிலையைச் சோதிக்கும்போதும், காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்று பார்க்குமே தவிர, அந்த வியப்புக்குறியைப் பொருட்படுத்துவதில்லை. இன்று புழக்கத்திலுள்ள பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில், சாவி வைத்திருப்பவர் ‘பூட்டப்பட்ட’ கணக்குக்குள் ஒரு தடங்கலும் இல்லாமல் நுழையலாம்.

நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் ஒப்பந்த அடிப்படையில் வந்திருந்த நிரலாளர் ஒருவர் விலகினார். அவர் கணக்கைப் பூட்டும் பொறுப்பு என்னுடையது. சோதனைக்காக ஒவ்வோர் இரவும் தரவுத்தள நகலைத் தன் வீட்டுக் கணினிக்கு, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் மூலம் இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை, எங்கள் சம்மதத்தோடுதான் அவர் செய்து வைத்திருந்தார். போகும்போது அதை நிறுத்த அவரும் மறந்துவிட்டார், கேட்க நானும் மறந்துவிட்டேன். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து, வேறு ஏதோ சிக்கலுக்காக நுழைவுகள் பதிவாகும் ‘ஆத் லாக்’ கோப்பைப் புரட்டியபோது, இரவு 2 மணி 10 நிமிடத்தில் ‘அக்செப்டட் பப்ளிக்கீ’ என்று ஒரு வரியும் அதில் அவர் பெயரும் கண்ணில் பட்டன. முந்தைய நாளைப் பார்த்தேன், அங்கும் 2:10. அதற்கு முந்தைய நாளும் 2:10. நான் பூட்டிய நாள்வரை பின்னோக்கிச் சென்றும் ஓர் இரவுகூட விடுபட்டிருக்கவில்லை. அவர் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போய் அத்தனையையும் அழித்தார். ஆனாலும் அது வாடிக்கையாளரின் தரவு. அவர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது, எல்லாச் சாவிகளையும் மாற்ற வேண்டியிருந்தது, அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவும் இல்லை.

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுபவை இரண்டு. இந்தத் தெரிவு கணக்கை முடக்காது என்பதும், பயனர் எஸ்எஸ்எச் சாவி போன்ற வேறு வழியில் நுழையக்கூடும் என்பதும், அந்தக் கட்டளையின் கையேட்டுப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. நான் அதைப் படிக்கவில்லை. பயிற்சிக் காலத்தில் எழுதிக்கொண்ட நோட்டைப் பார்த்துச் செய்தேன். அதே நோட்டு இப்போதும் யார் யார் கையிலோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது தெளிவு. இன்னொன்று, நான் சரிபார்க்காமலும் விடவில்லை என்பது. பூட்டிய மறுவாரம், யார் எப்போது நுழைந்தார் என்று காட்டும் ‘லாஸ்ட்’ கட்டளையை இட்டுப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. டெர்மினல் இல்லாமல் ஓடும் ஆர்சிங்க், எஸ்சிபி போன்ற அமர்வுகள் அந்தப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை என்பது அன்று எனக்குத் தெரியாது.

கணக்கை மூட வேண்டுமானால் ‘யூசர்மாட்’ கட்டளையில் ‘எக்ஸ்பயர்டேட்’ தெரிவுக்கு 1 என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். காலாவதித் தேதி 1970 ஜனவரி 2 ஆகிவிடும். பேம் வழியாக வருகிறவர் சாவியோடு வந்தாலும் திருப்பி அனுப்பப்படுவார். 0 கொடுக்காதீர்கள், அதை ‘காலாவதியே இல்லை’ என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், பயன்படுத்த வேண்டாம் என்று ஷேடோ கோப்பின் கையேடே சொல்கிறது. இட்டபின் ‘சேஜ்’ கட்டளையை ‘எல்’ தெரிவோடு இட்டுத் தேதி மாறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அனுமதி சோதிக்கப்படுவது நுழையும்போது மட்டுமே. ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் அமர்வு அப்படியே தொடரும், இணைப்பு அறுந்தாலும் நிரல்களை ஓடவிடும் டிமக்ஸில் விட்டுவைத்தவையும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ‘லாகின்சிடிஎல்’ கட்டளையின் ‘டெர்மினேட் யூசர்’ மூலம் அவற்றை முடித்துவிட்டு, வெளியேறிய பின்னும் சேவைகளை ஓடவிடும் ‘லிங்கர்’ அந்தப் பயனருக்கு இயக்கப்பட்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். அவர் பெயரில், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா தன் கடவுச்சொற்களைத் தனியே வைத்திருக்கிறது. முன்னிருப்பு அமைப்பில் பேமின் கணக்குச் சோதனைக்கு அது கட்டுப்படுவதும் இல்லை என்பதால், ‘எஸ்எம்பி பாஸ்வேர்ட்’ கட்டளையால் அங்கும் தனியே முடக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் விடுபடுவது, அவருடைய சாவி வேறொருவர் கணக்கில் இருப்பது. நமது இளைஞரை உட்காரவைத்து, நிரல்களை ஏற்றப் பயன்படும் பொதுக் கணக்கின் ‘ஆதரைஸ்டு கீஸ்’ கோப்பைத் திறக்கச் சொன்னேன். ஏழு வரிகள் இருந்தன. எங்கள் குழுவில் இருப்பவர்கள் நான்கு பேர். வரியின் கடைசியில் இருக்கும் பெயர் வெறும் குறிப்பு; யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். ‘எஸ்எஸ்எச் கீஜென்’ கட்டளையை ‘எல்எஃப்’ தெரிவோடு அந்தக் கோப்பின்மீது இட்டால் ஒவ்வொரு சாவியின் கைரேகையும், அதாவது அதை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீடும், வரும். லாக்கில் ‘அக்செப்டட்’ வரியின் முடிவிலும் அதே கைரேகை இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் எந்தச் சாவி யாருடையது என்று சொல்ல முடியும். விலகியவருடைய சாவி மூன்றாம் வரியில் இருந்தது.

நோலாகின் ஷெல் போதும் என்று இருந்துவிடுவது

பயனர் இடும் கட்டளைகளை இயக்கும் ஷெல்லை, உடனே திருப்பி அனுப்பிவிடும் ‘நோலாகின்’ என்று மாற்றினால் ஷெல் கிடைக்காது. ஆனால் அடையாளச் சோதனை வெற்றி பெற்று இணைப்பு உருவாகும். எஸ்எஸ்எச் நிரலை ‘என்’ தெரிவோடு ஓட்டி ஷெல்லே கேட்காமல், சர்வர் எட்டும் போர்ட்டுகளுக்கு இணைப்பைக் கடத்தும் போர்ட் ஃபார்வர்டிங் மட்டும் கேட்பவருக்கு அது கிடைத்துவிடும். அதே கணினிக்குள் மட்டும் எட்டும் 127.0.0.1 முகவரியின் 5432 போர்ட்டில் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், வெளியிலிருந்து எட்டாது என்ற துணிவில் கடவுச்சொல் இல்லாமல் ‘டிரஸ்ட்’ முறையில் விடப்பட்டிருந்தால், அந்தத் துணிவு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். கோப்பு அனுப்ப மட்டுமே வருகிற பயனர்களை ஒரு குழுவில் வைத்து, சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச்டி நிரலின் அமைப்புக் கோப்பில் அக்குழுவுக்கு ஒரு ‘மேட்ச்’ பகுதி எழுதி, ‘அலவ் டிசிபி ஃபார்வர்டிங்’ மதிப்பை ‘நோ’ என்று வையுங்கள். எஸ்எஸ்எச்சே தேவைப்படாதவர்களை அதற்குள் விடவே வேண்டாம்.

அலவ் யூசர்ஸ், அலவ் குரூப்ஸ் இரண்டையும் சேர்த்து எழுதுவது

எஸ்எஸ்எச் வழியாக நுழையக்கூடிய பயனர்களைப் பட்டியலிடுவது முதலாவது, குழுக்களைப் பட்டியலிடுவது இரண்டாவது. இரண்டில் ஒன்றில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் எழுதப்பட்டிருந்தால் பயனர் இரண்டிலும் இருக்க வேண்டும். ஒருநாள் ‘அலவ் யூசர்ஸ்’ வரியில் என் பெயர் இருக்கிறது என்ற தைரியத்தில் ‘அலவ் குரூப்ஸ்’ வரி ஒன்றைச் சேர்த்து, ‘எஸ்எஸ்எச்டி’யைச் சிறிய ‘டி’ தெரிவோடு ஓட்டிப் பிழையில்லை என்றும் உறுதி செய்துகொண்டு, சேவையை மறுதொடக்கம் செய்தேன். இலக்கணப் பிழை இல்லைதான். ஆனால் அந்தக் குழுவில் நான் இல்லை. திறந்திருந்த இன்னொரு ஜன்னல்தான் காப்பாற்றியது. அதன் பிறகு, புதிய ஜன்னலில் நுழைந்து பார்க்கும்வரை பழைய ஜன்னலை நான் மூடுவதே இல்லை. பெரிய ‘டி’ தெரிவோடு ஓட்டினால், உண்மையில் நடைமுறையில் இருக்கும் மதிப்புகளைக் காணலாம். பெரும்பாலான அமைப்புச் சொற்களில், ஒரே சொல் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்தால் முதலில் வருவதுதான் செல்லும் என்பதால், துணைக் கோப்புறையிலிருந்து முன்னதாகச் சேர்க்கப்படும் ஒரு கோப்பு நீங்கள் கீழே எழுதியதைச் செல்லாமல் ஆக்கியிருக்கக்கூடும்.

குழுவில் சேர்க்கும்போது ‘யூசர்மாட்’ கட்டளைக்குப் பெரிய ‘ஜி’யோடு சிறிய ‘ஏ’வும் கொடுக்க வேண்டும். ‘ஏ’ விடுபட்டால் அவர் மற்றக் குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கப்படுவார், ரூட் உரிமையோடு கட்டளை இட விடும் சூடோ குழு உட்பட.

டாக்கர் குழுவில் சேர்ப்பது

டாக்கர் என்பது நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் கருவி. அதன் குழுவில் சேர்ப்பது ரூட் கொடுப்பதற்குச் சமம்.

ஹோஸ்ட்ஸ் டெனை கோப்பை நம்புவது

எந்த முகவரிகளிலிருந்து வருகிறவர்களை மறுப்பது என்று எழுதும் கோப்பு அது. பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் 2014-இல் வெளியான 6.7 பதிப்பிலேயே அதற்கான ஆதரவை நீக்கிவிட்டது. ஃபயர்வாலில் எழுதுங்கள்.

ஒரு சேவையை மறுதொடக்கம் செய்யச் சூடோவை அகலத் திறப்பது

வலைச் சேவையை மறுதொடக்கம் செய்யும் உரிமை மட்டும் ஒருவருக்குத் தேவை. அதற்காக, சேவைகளை நிர்வகிக்கும் ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளை முழுவதையும் கடவுச்சொல் இல்லாமல் ஓட்ட அனுமதித்தால், அதன் ‘எடிட்’ துணைக்கட்டளை வழியாக ரூட்டாக என்ன வேண்டுமானாலும் ஓட்டலாம். அந்தக் கட்டளையைத் தரும் சிஸ்டம்டியின் 247-க்கு முந்தைய பதிப்புகளில் ‘ஸ்டேட்டஸ்’ என்பதே போதும்: விவரம் திரைக்கு அடங்காமல், பக்கம் பக்கமாகக் காட்டும் ‘லெஸ்’ நிரல் திறந்துகொண்டால் அதிலிருந்து ரூட் ஷெல்லுக்குப் போய்விடலாம். 2023-இல் இது பாதுகாப்புக் குறைபாடாகவே பதிவானது. எந்தச் செயல், எந்தச் சேவை என்று முழுப் பெயரோடு, நட்சத்திரக்குறி இல்லாமல் எழுதுங்கள். அந்தச் சேவை ரூட்டாக ஓட்டும் ஸ்கிரிப்டை அதே பயனரால் திருத்த முடியுமானால், எவ்வளவு குறுக்கி எழுதியும் பயனில்லை.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. சூடோ விதிகளை எழுதும் சூடோயர்ஸ் துணைக் கோப்புறையில் புள்ளி உள்ள பெயருடைய கோப்புகள் படிக்கப்படுவதே இல்லை, எச்சரிக்கையும் வராது. பயனர்பெயர் நடுவே புள்ளி வைக்கும் வழக்கமுள்ள ஓர் இடத்தில், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிலேயே கோப்பு எழுதி வைத்து, ஏன் ஒன்றும் வேலை செய்யவில்லை என்று ஒரு மதியம் முழுவதும் விழித்திருக்கிறேன்.

பேம் அக்சஸ் கோப்பில் கடைசி வரியை விட்டுவிடுவது

யார் எங்கிருந்து நுழையலாம் என்று எழுதும் இந்தக் கோப்பு மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்தும் வரியே முடிவு. எந்த வரியும் பொருந்தாவிட்டால் அனுமதி வழங்கப்படும். ஆகவே அனுமதிக்கப்பட்டவர்களை மட்டும் பட்டியலிட்டு நிறுத்தினால் பட்டியலுக்குப் பொருளே இல்லை. எல்லோரையும் எங்கிருந்தும் மறுக்கும் ஒரு வரி கடைசியில் வேண்டும். டெபியனில் எஸ்எஸ்எச்டிக்கான பேம் கோப்பில் இந்தத் தொகுதியை அழைக்கும் வரி குறிப்புரையாக மாற்றப்பட்டே வருகிறது. அதைத் திறந்துவிடாமல் அக்சஸ் கோப்பில் எத்தனை எழுதியும் எஸ்எஸ்எச் அதைப் பார்க்காது. மாறாக எல்லாச் சேவைகளுக்கும் பொதுவான பேம் கோப்பில் அதைச் சேர்த்தால், கிரானும் அதே சோதனைக்கு உட்படும். நான் மறுப்பு வரியை எழுதிய இரவில் ரூட்டின் காப்புநகல் வேலை ஓடவில்லை. மறுநாள் காலையில், ரூட்டைக் கிரான் வழியாக அனுமதிக்கும் வரி ஒன்றை மறுப்பு வரிக்கு மேலே சேர்த்தேன்.