ரோமானிய விருந்து சமைக்கிறவர்கள் செய்யும் பிழைகள்

தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தாவை வைத்துவிட்டு 'பண்டைய ரோமானிய உணவு' என்று பெயர் சூட்டுவதுதான் அடிக்கடி காணும் பிழை. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் நான்குமே 1492-க்குப் பிறகு அமெரிக்கக் கண்டங்களிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. ரோமானியருக்குக் காரம் என்றால் மிளகு, அதுவும் நம் சேர நாட்டு முசிறியில் கப்பலேறிய மிளகு. அது செல்வர் வீட்டுச் சரக்கு மட்டுமல்ல. பிரிட்டனின் விண்டோலாண்டா படைமுகாமில் கிடைத்த மர ஏடுகளிலும் மிளகு வாங்கிய கணக்கு இருக்கிறது.

அடுத்தது லத்தீனில் காரம் (garum) எனப்படும் மீன் சாறு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதில் உறைப்பு கிடையாது. அழுகிய மீன் என்று பலரும் எழுதுகிறார்கள், அதுவும் தவறு. மீன் குடலில் உள்ள நொதிகள் சதையைக் கரைக்கின்றன, உப்பு அழுகலைத் தடுக்கிறது. ஐந்து பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு போட்டு இரண்டு மூன்று மாதம் வெயிலில் வைத்தால் தெளிந்த சாறு பிரியும். குடலை நீக்கிவிட்டால் கருவாடுதான் மிஞ்சும். உப்பைக் குறைத்தால் அழுகும், நஞ்சாகவும் ஆகலாம். வீட்டில் முயல்வதைவிட, நெத்திலியும் உப்பும் மட்டுமே சேர்ந்த மீன் சாஸை வாங்குவது நல்லது. அதை ஊற்றிய பிறகு தனியாக உப்புப் போடாதீர்கள். ரோமானியச் செய்முறைகள் பலவற்றில் உப்பின் வேலையைச் செய்வதே இந்தச் சாறுதான்.

அளவிலும் கவனம் வேண்டும். ரோமானிய எழுத்தாளர் கேட்டோ எழுதிய லிபம் என்ற பாலாடைக்கட்டி அப்பத்துக்கு 2 ராத்தல் பாலாடைக்கட்டி, 1 ராத்தல் மாவு, 1 முட்டை. இன்றைய 454 கிராம் கணக்கில் அளந்தால் அந்த ஒரு முட்டைக்கு மாவு கட்டுப்படாது. ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம்தான். உப்புக் கரிக்கும் கட்டி வேண்டாம், புதிய பனீர் பொருந்தும்.

வாந்தியெடுக்கத் தனி அறை வைத்திருந்தார்கள் என்பது வெறும் கட்டுக்கதை. வாமிட்டோரியம் என்பது அரங்கிலிருந்து கூட்டம் வெளியேறும் வழி.

சாய்ந்து படுத்துச் சாப்பிடுவதும் வசதியானவர்களின் மாலை விருந்துக்கு மட்டுமே. மூன்று மஞ்சங்களில் ஒன்பது பேர். நகரத்து ஏழைகள் பலர் சமையலறையே இல்லாத மாடிக் குடியிருப்புகளில் இருந்தார்கள், தெருக்கடையில் வாங்கித் தின்றார்கள். அன்றாட உணவைக் காட்ட நினைத்தால் மயில் கறியைத் தேட வேண்டாம்: கோதுமைக் கஞ்சி, ரொட்டி, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், ஆலிவ் எண்ணெய், தண்ணீர் கலந்த திராட்சை மது.