பழைய பிரெஞ்சு சர்ச் வெள்ளி ஜெட்டான் வாங்கறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸ்ல 17, 18ம் நூற்றாண்டுல பங்கு சர்ச்சோட நிர்வாகக் கமிட்டி, பிஷப்புங்க, குருமார் பேரவைன்னு நிறைய பேர் வெள்ளியில ஜெட்டான் அடிக்க வச்சாங்க. ஆரம்பத்துல இது கணக்குப் பலகையில நகர்த்தி நகர்த்தி கூட்டல் கழித்தல் போடற வில்லை, பேப்பர்ல எழுதி கணக்கு போடற பழக்கம் பரவினதும் அந்த வேலை போயி, கூட்டத்துக்கு வந்த மெம்பருக்கு மரியாதையா குடுக்கற பொருளா மாறிடுச்சு. காசு மாதிரி கடையில செல்லாது, ஆனா வெள்ளிங்கறதால மதிப்பு இருந்துச்சு. பெரும்பாலும் 30 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும், அந்தச் சின்ன இடத்துக்குள்ள செதுக்கியிருக்கற வேலைப்பாடு நிஜமாவே அசத்தும், ழான் டூவிவியே மாதிரி அரசாங்க மெடல் வேலையே பண்ணின ஆளுங்க இதுக்கும் டை, அதாவது அடிக்கற அச்சு, வெட்டியிருக்காங்க. இவ்ளோ நல்ல விஷயத்துல புதுசா வர்றவங்க திரும்பத் திரும்ப ஒரே இடத்துலதான் காசை விடறாங்க. முகத்தைப் பாக்கறாங்க, விளிம்பைப் பாக்கறதில்ல.

ஒரு பக்கம் 15ம் லூயி தலை, இன்னொரு பக்கம் பங்கு சர்ச்சோட புனிதர், அடியில கோட்டுக்குக் கீழ ரோமன் எண்ணுல 1700-கள்ல ஏதோ ஒரு வருஷம். பாத்த உடனே இருநூத்தி சொச்சம் வருஷப் பழசுன்னு முடிவு பண்ணிடறாங்க. ஆனா அந்த வருஷம் டை வெட்டின வருஷமா இருக்கலாம், சர்ச்சுல நடந்த ஏதாவது விசேஷத்தோட வருஷமா இருக்கலாம், உங்க கையில இருக்கற பீஸ் அப்பத்தான் அடிச்சதுன்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஏன்னா பாரிஸ் நாணயச்சாலை பழைய டை நிறையத்தை பத்திரமா வச்சிருந்து 19ம் நூற்றாண்டுலயும் அதுக்கப்புறமும் திரும்ப அடிச்சு வித்திருக்கு. இது போலி இல்ல, அரசாங்கமே அடிச்ச ரீஸ்ட்ரைக். அந்த விலைக்கு வாங்கினா தாராளமா வாங்கலாம், ஒரிஜினல் விலைக்கு வாங்கக் கூடாது அவ்ளோதான்.

நல்லவேளையா நாணயச்சாலையே இதுக்கு அடையாளம் போட்டு வச்சிருக்கு. 1832 மார்ச்சுல இருந்து விளிம்புல சின்ன முத்திரை குத்த ஆரம்பிச்சாங்க. முதல்ல பழங்கால விளக்கு, 1841 அக்டோபர் வரைக்கும். அப்புறம் கொஞ்ச நாள் நங்கூரம், 1842 முதல் 1845 வரை கப்பலோட முன்முகப்பு, 1845 முதல் 1860 வரை சுட்டிக்காட்டற கை, 1860-ல இருந்து 1879 வரை தேனீ, 1880-ல இருந்து பழமும் பூவும் வழியற கொம்பு. இந்த வரிசையை மனப்பாடம் பண்ணிக்கோங்க, வேற எதுவும் படிக்கலேன்னாலும் பரவால்ல. கையும் தேனீயும்தான் அடிக்கடி மாட்டும், பக்கத்துல வெள்ளிங்கறதுக்கான பிரெஞ்சு வார்த்தை அர்ஜென்ட் (ARGENT) பெரிய எழுத்துல இருக்கும். பீஸை விளிம்புல பிடிச்சு, ஒரு பக்கத்துல இருந்து லைட் விழற மாதிரி வச்சு, 10 மடங்கு லென்ஸ்ல மெதுவா ஒரு முழுச் சுத்து சுத்துங்க, அவசரப்படாதீங்க, தேஞ்ச தேனீ சும்மா ஒரு கீறல் மாதிரிதான் தெரியும், ஆனா எழுத்துல ஒண்ணு ரெண்டாவது கண்ணுல பட்டுடும். ஆன்லைன்ல வாங்கறீங்கன்னா முன்பக்கம் பின்பக்கம் போட்டோ போதாது, விளிம்பு போட்டோ கேளுங்க, அனுப்பாதவங்ககிட்ட வாங்காதீங்க.

இதுலயே இன்னொரு தவறும் இருக்கு. விளிம்பு சுத்தமா இருக்கு, அப்போ ஒரிஜினல்தான்னு குதிக்கறது. 1832-க்கு முன்னாடியே பழைய டையில திரும்ப அடிச்சது உண்டு, அதுல முத்திரை இருக்காது. முத்திரையை அரம் போட்டு ராவினதும் உண்டு, அந்த இடம் மட்டும் தட்டையாவோ பளபளன்னோ இருக்கும். அதனால பரப்பையும் பாக்கணும். பல வருஷம் சும்மா கிடந்த டையில துரு பிடிச்சு குழி விழும், அதுல அடிக்கறப்போ அந்தக் குழி பீஸ்ல பொடிப் பொடி மேடா வந்து நிக்கும், ராஜா கன்னத்துலயும் பின்னாடி வெத்து இடத்துலயும் தேடுங்க. டையில விழுந்த விரிசல் மெல்லிசா மேடான கோடா ஓடும். சில ரீஸ்ட்ரைக் ஒரிஜினலை விட தடிமனாவும், ஓரம் எடுப்பாவும் இருக்கும். ஒரே ஒரு அடையாளத்தை வச்சு தீர்ப்பு சொல்லாம ரெண்டு மூணு சேர்த்துப் பாருங்க.

அடுத்தது உலோகம். ஜெர்மனியில நியூரம்பர்க் பட்டறைகள் பிரெஞ்சு ராஜா தலை போட்டு மெல்லிசான பித்தளை வில்லைகளை ஏகத்துக்கும் அடிச்சுத் தள்ளியிருக்கு, அதுக்கு வெள்ளி முலாம் பூசி யாராவது வித்தா புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது. காந்தம் வச்சுப் பாக்கறதால பிரயோஜனமே இல்ல, வெள்ளியும் ஒட்டாது பித்தளையும் ஒட்டாது. தண்ணியில எடை போட்டுப் பாருங்க. 8 கிராம் பீஸை மெல்லிசு நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை எடுத்தா நல்ல வெள்ளின்னா சுமார் 0.77 கிராம் குறையும், பித்தளைன்னா 0.94 பக்கம் குறையும். நூறில் ஒரு கிராம் காட்டற தராசு இருந்தா வீட்லயே முடிஞ்சுது. இன்னொண்ணு, 1789 பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தின ஜெட்டான்ல வெள்ளித் தர முத்திரை இல்லேன்னு பயந்து ஒதுக்கிடாதீங்க, அது அந்தக் காலத்துக்கு சகஜம்.

புனிதர் படம் இருந்தா சர்ச் ஜெட்டான்னு நினைக்கறது ரொம்பப் பேர் பண்ற தவறு. தொழில் சங்கங்களுக்கும் காவல் புனிதர் உண்டு, பொற்கொல்லர்களுக்கு புனித எலுவா, மளிகை மருந்து வியாபாரிகளுக்கு புனித நிக்கோலா. சுத்தி இருக்கற லத்தீன் வரியை முழுசாப் படிக்காம பேர் வைக்காதீங்க. புனிதர்லயே குழப்பம் வரும், கொம்புக்கு நடுவுல சிலுவை இருக்கற மான்னா யூஸ்தாஷாவும் இருக்கலாம் ஹூபேராவும் இருக்கலாம். இரும்பு அடுப்புத்தட்டு பிடிச்சா லோரன், தொட்டியில மூணு பசங்கன்னா நிக்கோலா, மேலங்கியை வெட்டிக் குடுத்தா மார்த்தன். பிஷப் சின்னத்துல தொப்பிக் குஞ்சத்தை எண்ணி இவர் பிஷப், இவர் ஆர்ச்பிஷப்னு அடிச்சு சொல்றதும் வேண்டாம், அப்போ அந்த எண்ணிக்கையை யாரும் கறாரா வச்சுக்கல. கேடயத்துல இருக்கற குடும்பச் சின்னத்தைத் தேடிப் பாக்கறதுதான் சரி.

சர்ச்சுல குடுத்த எல்லாத்தையும் ஜெட்டான்னு ஒரே பைல போடறதும் சரியில்ல. கதீட்ரல்ல பூசைக்கு வந்த குருமாருக்கு குடுத்தது மெரோ, அது பெரும்பாலும் ஈயம், செம்பு. புராட்டஸ்டன்ட் சபைகள்ல நற்கருணைக்குப் போக குடுத்த மெரோவும் அநேகமா ஈயம்தான், மேய்ப்பன் கொம்பு ஊதற படம் ஒரு பக்கம், திறந்த பைபிள் இன்னொரு பக்கம். இதே டிசைன்ல பளபளன்னு வெள்ளியில ஒண்ணு கிடைச்சா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி சந்தேகப்படுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி தேடிப் பாக்க இடம் இருக்கு, அதை யூஸ் பண்ணாம விடறதும் தவறுதான். ஃபெலிக்ஸ் ஃபுயார்தான் (Feuardent)ங்கறவர் 1904-ல இருந்து வெளியிட்ட கேட்டலாக்தான் இந்த ஃபீல்டுக்கே அடிப்படை, ஏலத்துல அவர் பேருக்கு பக்கத்துல வர்ற நம்பர் அதுலேர்ந்துதான். பாரிஸ் கார்னவாலே மியூசியம் கலெக்ஷனை ஆன்லைன்ல பாக்கலாம். இது எதுக்கு முக்கியம்னா, 1789 நவம்பர்ல சர்ச் சொத்து தேசத்துக்குன்னு அறிவிச்சாங்க, அடுத்த சில வருஷத்துல சர்ச் வெள்ளி ஏராளமா உருகிப் போச்சு, கட்டடமே போச்சு. பாரிஸ் செயின்ட் ழாக் த லா பூஷ்ரி சர்ச் 1797-ல இடிபட்டு இன்னைக்கு கோபுரம் மட்டும் நிக்குது. அப்படி மறைஞ்சு போன ஒரு பங்கோட ஜெட்டானை பேர் மாத்தி எழுதி வச்சா அந்த சர்ச்சோட இருந்த கடைசித் தொடர்புகள்ல ஒண்ணு அறுந்து போகும், எனக்கு அது விலையை விட பெரிய நஷ்டமா படுது.

பாலிஷ் போடாதீங்க. வெள்ளி டிப், பற்பசை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். 250 வருஷம் சேர்ந்த சாம்பல் நீல நிறத்தை ஒரு நிமிஷத்துல கழுவிட்டா திரும்ப வராது, விலையும் இறங்கிடும். ஓட்டையை அடைச்சது, டாலரா போட்டிருந்து கொக்கியை எடுத்தது எல்லாம் விளிம்பு மேல்பக்கம் 12 மணி இடத்துல தடம் காட்டும்.

பீஸ் எவ்ளோ தேஞ்சிருக்குன்னு சொல்ற பிரெஞ்சு கிரேடையும் தெரிஞ்சுக்கோங்க, டிபின்னு போட்டா நல்லா தேஞ்ச பீஸ், டிடிபி நடுத்தரம், எஸ்யூபிக்கு மேலதான் நிஜமா அழகா இருக்கும். ஏலத்துல கேக்கற தொகைக்கு மேல வாங்குறவர் கமிஷன், தபால், கஸ்டம்ஸ் எல்லாம் ஏறும், அதையும் கூட்டி வச்சுட்டு கை தூக்குங்க.

பழைய கலெக்ஷன்ல இருந்து வர்ற பீஸோட வட்டமா வெட்டின சின்ன அட்டைச் சீட்டு ஒண்ணு வரும், யார்கிட்ட எப்போ வாங்கினதுன்னு மையில எழுதியிருப்பாங்க. குப்பைன்னு போட்டுடறாங்க. அதை தனி உறையில போட்டு பக்கத்துல வைங்க, ஜெட்டான் மேல படாம, ஏன்னா பழைய பேப்பர்ல இருக்கற கந்தகம் வெள்ளியை கறுப்பாக்கும். பிவிசி கவரும் ஆகாது, பச்சையா பிசுபிசுன்னு ஒட்டும்.