போனை நம்பாமல் வழி பிடிக்க ஒரு துண்டுச் சீட்டு

நீண்ட தூரம் காரில் கிளம்பும் முன், வழியில் வரும் பெரிய ஊர்களையும் நெடுஞ்சாலை எண்களையும் வரிசையாக ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். இடது, வலது எல்லாம் வேண்டாம். ஊரும் எண்ணும் போதும்.

800 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரின் பெயர் சாலைப் பலகையில் பெரும்பாலும் இருக்காது. அடுத்து வரும் பெரிய ஊரின் பெயர்தான் இருக்கும். வழி கேட்டாலும் அப்படித்தான். கடைசி ஊரைச் சொன்னால் யோசிப்பார்கள், அடுத்த ஊரைச் சொன்னால் சட்டென்று கையைக் காட்டுவார்கள். நடுவில் சாப்பிடவோ சுற்றிப் பார்க்கவோ விலகிப் போனாலும், சீட்டில் உள்ள ஏதாவது ஓர் ஊரைப் பிடித்துவிட்டால் பாதைக்குத் திரும்பிவிடலாம். அப்புறம், பெட்ரோல் பங்க் இல்லாமல் நீளும் பகுதிக்கு முந்தைய ஊரை வட்டமிட்டு வையுங்கள். டேங்கில் பாதி இருந்தாலும் அங்கே நிரப்பிவிடுவது நல்லது.

பெரிய நகரத்துக்குள் நுழைந்துவிட்டால் இந்தச் சீட்டு உதவாது. அங்கே மேப்தான். அதை முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதால், மொபைல் சிக்னல் இல்லாவிட்டாலும் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். பலகைகள் உங்களுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும் நாடு என்றால், ஊர்ப் பெயரை அந்த எழுத்திலேயே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பலகையே இல்லாத பாலைவன மண்பாதைக்கு இந்தச் சீட்டை நம்பிப் போகாதீர்கள்.