ஐ.இ.பி. பீரோவில், பிள்ளை பெஞ்சில்: சிறப்பு வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். ஏழு வயதுப் பையன், ஆட்டிசம். அவனுக்கு நான் முதன்முதலில் எழுதிய ஐ.இ.பி.யில், அதாவது தனிநபர் கல்வித் திட்டத்தில், 'காலை 9.15-க்குப் பையை மாட்டிவிட்டு, வணக்கம் சொல்லி, தன் இடத்தில் உட்காருவான்' என்று ஓர் இலக்கு இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பதிவேட்டைப் புரட்டினால் அந்தக் கட்டம் முக்கால்வாசி காலி. பையனால் முடியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அம்மாதான் ஒருநாள் போட்டு உடைத்தார்: "இன்னா மிஸ் பண்றது, கேட்டு போட்டான்னா கூட்ஸு போனாத்தான் தொறப்பான். பத்து நாள்ல ஏழு நாள் லேட்டுதான்."

அவன் வந்து சேரும்போது காலைப் பாட்டு முடிந்து வகுப்பு கணக்கில் இருக்கும். நான் எழுதிய இலக்கு நடப்பதற்கு அவனுடைய நாளில் இடமே இருந்ததில்லை.

அதற்குப் பிறகு எந்த இலக்கை எழுதினாலும் பக்கத்திலேயே பென்சிலால் ஒரு கேள்வி எழுதிவிடுகிறேன்: இது நாளில் எப்போது, எங்கே நடக்கும்? பதில் இல்லையென்றால் அந்த இலக்கு பீரோவுக்குள் போய்விடும், அதிகாரி பார்வையிட வரும் நாளில் மட்டும் வெளியே வரும். வடசென்னைத் தொடக்கப் பள்ளிகளில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புகளில் நான் செய்த, பார்த்த தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இலக்கு ஒரு கோப்பில், அன்றாட ஒழுங்கு ஒரு சுவரில். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

'மேம்படுத்துதல்' என்ற சொல்

'கவனத்தை மேம்படுத்துதல்.' 'சமூகத் திறன்களை வளர்த்தல்.' இப்படி எழுதினால் யாரும் தவறு சொல்ல முடியாது, யாரும் சரிபார்க்கவும் முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தன் 16-ஆம் பிரிவில், ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்கச் சொல்கிறது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை எப்படிக் கண்காணிப்பது?

'மதிய உணவு வரிசையில் தட்டை நீட்டி, வாயால் சொல்லியோ அட்டையைக் காட்டியோ முட்டை கேட்பான், யாரும் நினைவுபடுத்தாமல், ஐந்து நாளில் நான்கு நாள்' என்று எழுதிப் பாருங்கள். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளியது. நாளைக்கு எனக்குக் காய்ச்சல், நான் வரவில்லை. வகுப்பில் இருக்கும் ஆயா அந்த வரியைப் படித்துவிட்டு 'செஞ்சான்', 'செய்யல' என்று சொல்ல முடிய வேண்டும். ஆயாவுக்குப் புரியாத இலக்கு எனக்கும் புரியவில்லை என்றுதான் அர்த்தம்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, தொடக்க நிலையைப் பார்க்காமல் இலக்குக்குத் தாவுவது. இன்று பிள்ளை எவ்வளவு தானாகச் செய்கிறது என்று தெரியாமல் மூன்று மாதத்தில் எவ்வளவு முன்னேறியது என்று சொல்லவே முடியாது. ஒரு வாரம் எதையும் கற்றுக்கொடுக்காமல் சும்மா பார்த்துக் குறித்துவையுங்கள். அந்த வாரம் வீண் அல்ல.

பதினெட்டில் மூன்று

நம் ஊரிலேயே, 1970-களில், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக உருவான மதிப்பீட்டு முறை ஒன்று உண்டு: மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம், சுருக்கமாக எம்.டி.பி.எஸ். 18 துறைகள், துறைக்கு 20 வீதம் 360 செயல்கள். சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறை, பேச்சைப் புரிந்துகொள்வது, பணம், நேரம், வீட்டு வேலை என்று விரியும் அந்தப் பதினெட்டில் வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவை மூன்று மட்டுமே. ஆனால் எந்தக் கோப்பைத் திறந்தாலும் இலக்குகளில் பெரும்பகுதி அந்த மூன்றுக்குள்தான் குவிந்துகிடக்கிறது.

பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை, அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு நிலையிலிருந்து அடுத்த நிலையான மொட்டுக்குப் போய்விட்டது என்றால், தன் பிள்ளை 'அ' எழுதினால் போதும் என்று எந்தத் தாய்க்கும் தோன்றும். அவசரம் வேண்டாம் என்று சொல்ல நமக்குச் சட்டமே துணை இருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு சான்றளிக்கப்பட்ட பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. எழுத்துக்கு நேரம் இருக்கிறது. எட்டு வயதில் சிறுநீர் வருவதைச் சொல்லத் தெரியாத பெண் பிள்ளைக்கு முதல் இலக்கு எது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையும் ஒரு சிக்கல். ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு இலக்கு எழுதிய கோப்பைப் பார்த்திருக்கிறேன். ஒரு வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் என்றால் தொண்ணூற்றாறு. எந்த மனுஷியாலும் ஆகாது. மூன்று, மிஞ்சினால் நான்கு.

நாஷ்டா நேரமும் பீரியட்தான்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ சூடாக வருகிறது. பல சிறப்பு வகுப்புகளில் அந்த அரை மணி நேரம் எப்படிக் கழிகிறது? ஆயா தட்டை எடுத்துவருகிறார், ஊட்டிவிடுகிறார், வாயைத் துடைத்துவிடுகிறார். முடிந்ததும் மிஸ் "சரி, இப்ப படிக்கலாம்" என்று 'கை கழுவும் படிநிலைகள்' படத்தாளை எடுக்கிறார்!

எனக்கு இதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. வரிசையில் நிற்பது, தன் தட்டை அடையாளம் காண்பது, 'இன்னும்', 'போதும்' என்று கேட்பது, கழுவிக் கவிழ்ப்பது என நான்கு துறைகளின் இலக்குகள் ஒரே கரண்டியில் வந்து விழுகின்றன. அதுவும் தினமும், அதே நேரத்தில், பசி என்ற நிஜமான காரணத்தோடு. 'போதும்' என்ற சொல்லைப் படத்தாளில் நூறு முறை கற்றுக்கொடுப்பதும், பிடிக்காத உப்புமாவை இன்னொரு கரண்டி போடவரும்போது கற்றுக்கொடுப்பதும் ஒன்றா? நேரம் கூடுதலாகும், தரையெல்லாம் சாம்பார் ஆகும், உண்மைதான். அதற்குத் துடைப்பம் இருக்கிறது.

சுவரில் தொங்கும் கால அட்டவணை

படக் கால அட்டவணை இல்லாத சிறப்பு வகுப்பு இப்போது அரிது. பாரிமுனையில் வாங்கிய வண்ணப் படங்கள், லேமினேஷன், ஆசிரியர் எட்டும் உயரத்தில் ஓர் ஆணி. படத்தில் வெள்ளைக்காரக் குழந்தை ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டிருக்கும். கீழே 'மதிய உணவு' என்று எழுதியிருக்கும். நம் பிள்ளைக்கு மதிய உணவு என்றால் வட்டத் தட்டும் சாதமும் முட்டையும். அந்தப் படம் அவனுக்கு எதையும் சொல்லாது. செல்போனில் நம் பள்ளித் தட்டையும் நம் குழாயடியையும் நம் மைதானத்தையும் படமெடுத்து அச்சடித்தால் போதும்.

படமே புரியாத பிள்ளைக்குப் பொருளையே கொடுக்க வேண்டும்: சாப்பாட்டுக்கு ஒரு கரண்டி, மைதானத்துக்கு ஒரு பந்து. அட்டவணை பிள்ளையின் கண்மட்டத்தில், கைக்கு எட்டும்படி இருக்கட்டும். ஒன்று முடிந்ததும் அவனே அட்டையைப் பிய்த்து 'முடிஞ்சிச்சு' டப்பாவில் போடட்டும். கை படாத அட்டவணை வெறும் அலங்காரம்தான். நாள் முழுவதையும் தாங்க முடியாதவனுக்கு இரண்டே அட்டை: முதலில் இது, அப்புறம் அது.

கலெக்டர் லீவு

ஒழுங்கு இல்லாத வகுப்பு ஒரு தவறு என்றால், ஒழுங்கு இம்மியும் மாறாத வகுப்பு அதைவிட நுட்பமான தவறு. அதை நான் வருடக்கணக்கில் செய்தேன். மணியடித்தாற்போல் எல்லாம் நடந்தது, பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள், பார்த்தவர்கள் பாராட்டினார்கள். நவம்பர் வந்தது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கலெக்டர் லீவு விடுவது விடிகாலையில்தான் தெரியும். வியாசர்பாடிப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை ஆறரைக்கே யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டி வாசலில் நிற்கிறான். லீவு என்று சொல்லிச் சட்டையைக் கழற்றப் போனால் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான். அன்று முழுக்க யூனிஃபார்மோடும் பையோடும் இருந்தான் என்று அம்மா மறுநாள் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒழுங்கு மாறும் என்பதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

இப்போது என் அட்டைகளில் ஒன்று சிவப்பு நிறம்: 'மாத்தம்'. ஜூன் மாதத்திலேயே, எல்லாம் நன்றாக இருக்கும் நாளில், சின்னதாக ஒன்றை மாற்றுவேன். படம் வரைவதற்கு மேல் சிவப்பு அட்டை, பக்கத்தில் பந்து. முதலில் பிடித்ததாக மாற்றுவது முக்கியம், பிறகு பிடித்ததும் இல்லாத, பிடிக்காததும் இல்லாத ஒன்று, கடைசியில்தான் ஏமாற்றம். அதே அட்டையின் இன்னொரு பிரதி வீட்டுக் கதவில், 'லீவு' படத்தோடு. காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு ஏப்ரலிலும் இது உதவுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாத அப்பா பகலெல்லாம் வீட்டில் இருப்பார், பள்ளிக்கு அம்மாவுக்குப் பதில் அவர் அழைத்துவருவார். நமக்கு அது சின்ன விஷயம். வாசலில் புரண்டு அழும் பிள்ளைக்கு உலகமே இடம்மாறிய மாதிரி.

பிடித்த கையை விடாமல் இருப்பது

சட்டைப் பட்டன் போடுவதை ஒரு வருடமாகக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தேன், இன்னும் போடவில்லை என்பார்கள். கையைப் பிடித்தவர் எப்போது விட்டார்? உதவியை எப்படிக் குறைப்பது என்று திட்டத்தில் எழுதியிருக்காது. வேலையைப் படிகளாகப் பிரித்துக் கடைசிப் படியை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். நாம் பட்டனைத் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டால் அவன் இழுத்து முடிக்கட்டும். முடித்தது தானே என்ற திருப்தி அவனுக்குக் கிடைக்கிறது. அடுத்த வாரம் அதற்கு முந்தைய படியையும் அவனிடம் விடலாம். கேள்வி கேட்டதும் உடனே மறுபடி கேட்காமல், மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஆசிரியர்களுக்கு இதுதான் மகா கஷ்டம், எனக்கும் சேர்த்துத்தான்.

குழாயும் மக்கும்

தண்டையார்பேட்டைச் சிறுமி ஒருத்தி பள்ளிக் குழாயில் அழகாகக் கை கழுவக் கற்றாள். 'அடைந்தது' என்று தேதி போட்டு மூடினேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் குழாயே இல்லை. தெரு அடிபம்பில் அடித்து ட்ரம்மில் நிரப்பிய தண்ணீர். ஒரு கையால் மக்கில் மொண்டு ஊற்றிக்கொண்டே இன்னொரு கையைத் தேய்க்க வேண்டும். அது வேறொரு வித்தை. இலக்கு எழுதும் முன் வீட்டில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் பள்ளியிலேயே ஒரு பக்கெட்டும் மக்கும் வைத்திருப்பேன். இரண்டு இடத்தில், இரண்டு ஆட்களோடு செய்யும்வரை 'அடைந்தது' என்று எழுதுவதில்லை இப்போது.

விளையாட்டு பீரியடைப் பிடுங்குவதைப் பற்றி ஒரே ஒரு வரி: கத்தினான் என்று மைதானத்தை ரத்து செய்தால் அட்டவணையில் போட்ட வாக்கை நாமே மீறுகிறோம், அப்புறம் அவன் எந்த அட்டையையும் நம்பமாட்டான்.

மாதக் கடைசியில் நிரப்பும் பதிவேடு

முப்பது நாளை முப்பதாம் தேதி யோசித்து எழுதினால் வருவது கற்பனை. நான் புடவைத் தலைப்புக்குப் பக்கத்தில் மாஸ்கிங் டேப் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள்கிறேன். பிள்ளையின் முதலெழுத்து, பக்கத்தில் மூன்றில் ஒரு குறி: தானாகச் செய்தால் 'தா', சொல்லிச் செய்தால் 'சொ', கைபிடித்தால் 'கை'. சாயங்காலம் டேப்பை அப்படியே நோட்டில் ஒட்டிவிடுவேன். இரண்டு வாரம் 'கை' என்றே வந்தால் பிள்ளையை மாற்றப் பார்ப்பதில்லை. படியைச் சின்னதாக்குவேன், அல்லது நேரத்தை மாற்றுவேன்.

கொருக்குப்பேட்டைப் பையனுக்கு அப்படித்தான் 9.15-ஐ அடித்துவிட்டு 'எப்போது வந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றியதும்' என்று எழுதினேன். பை மாட்டுவது ஐந்து வாரத்தில் 'தா' ஆனது. இடத்தில் உட்காருவதும் ஆனது. வணக்கம் மட்டும் இன்னும் 'சொ'தான். அதைக் கேட் திறக்கக் காத்திருக்கும் நேரத்தில் அவன் அம்மா பழக்கிக்கொண்டிருக்கிறார், எதிரில் சைக்கிளோடு நிற்கும் ஆட்களிடம்.